தட்டுக்கு வந்த கிராம் என்ன விலை? மளிகைச் செலவைக் குறைக்கும் வழிகள்

#1 புதுக்குடித்தனம்

நான்கு பேர் சாப்பிடும் வீடு. இரண்டு பெரியவர்கள், பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள். செலவைக் குறைக்க வழி கேட்டால் எல்லோரும் சொல்வது "மொத்தமாக வாங்குங்கள், ஆஃபரில் வாங்குங்கள்" என்பதுதான். அப்படி வாங்கியும் மாதக் கடைசியில் கணக்கு இறங்கவில்லை என்றால் ஓட்டை எங்கே இருக்கும்? எதில் தொடங்குவது? பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைக்காத வழியாகச் சொல்லுங்கள்.

#2 கணக்குநோட்டு

முதலில் பார்க்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுக் குப்பைக்கூடை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தோல், எலும்பு மாதிரி சாப்பிட முடியாதவையும் அந்தக் கணக்கில் உண்டு என்றாலும், மிச்சமே பெரிய தொகை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு, தூக்கிப் போடும் சாப்பாட்டை மூடி போட்ட ஒரு டப்பாவில் சேருங்கள். கொட்டுவதற்கு முன் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள்: என்ன பொருள், எத்தனை கிராம், வாங்கிய நாள், காரணம். காரணத்துக்கு நான்கே சொற்கள் போதும். மறந்தது, அதிகம் சமைத்தது, தட்டில் மிஞ்சியது, வரும்போதே கெட்டிருந்தது.

இந்தக் காரணப் பத்தியைத் தவிர்த்துவிடாதீர்கள். "மறந்தது" நிறைய வந்தால் கோளாறு ஃப்ரிட்ஜ் அடுக்கும் விதத்தில். "அதிகம் சமைத்தது" என்றால் அளவுக் கோப்பையில். "தட்டில் மிஞ்சியது" என்றால் பரிமாறுவதில். முதல் தடவை குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பதுதான் மருந்து. "கெட்டிருந்தது" என்றால் கடையை மாற்றுங்கள், அல்லது வாங்கும் நாளை மாற்றுங்கள். நாலுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஒன்றும் தீராது.

#3 பெரியசட்டி

குப்பைக்கூடை சரிதான், ஆனா பில்லுலயே போற காசும் இருக்கு. அதையும் சேத்துக்கோங்க.

பாக்கெட் விலையைப் பாக்காதீங்க, 100 கிராமுக்கு என்ன விலைன்னு பாருங்க. பெரிய பாக்கெட்டுதான் மலிவுங்கிறது எப்பவும் உண்மையில்ல. ஒரே பொருள்ல நடு அளவு பாக்கெட் கிராமுக்கு மலிவா இருக்கறதும் உண்டு. பழைய விலையிலேயே எடையைக் குறைச்சு விக்கறதும் நடக்குது, அதனால எடையை ஒவ்வொரு தடவையும் வாசிக்கணும்.

மூணு இடத்துல கண்ணு ஏமாறும்:

எண்ணெய். ஒரு பாக்கெட்ல லிட்டர் போட்டிருக்கும், பக்கத்துல இருக்கறதுல கிலோ போட்டிருக்கும். 1 லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். ரெண்டும் ஒரே விலைன்னா கிலோ பாக்கெட்ல ஒரு கரண்டிக்கு மேலயே அதிகம் கிடைக்குது.

டின்ல அடைச்ச கொண்டைக்கடலை, பீன்ஸ். வெளியில 400 கிராம்னு இருக்கும். தண்ணி வடிச்ச எடை தனியா சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, பெரும்பாலும் 240 கிராம் பக்கம். அந்த 240 கிராமை 100, 110 கிராம் காஞ்ச கடலைய ஊறவெச்சு வேகவெச்சே எடுத்துடலாம். விலையை அந்த 110 கிராமோட ஒப்பிடுங்க.

உறைஞ்ச மீன், இறால். மேல பூசியிருக்கற பனிக்கட்டியும் எடைதான். பனி நீக்கின நிகர எடை லேபிள்ல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஒரு தடவை வீட்டுல உருக்கி வடிச்சு எடை போட்டுப் பாத்துட்டு, அடுத்து வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

#4 கணக்குநோட்டு

பெரியசட்டி சொன்னதோடு இன்னொரு படி போக வேண்டும். கிலோ விலையை, சமைக்கக் கிடைக்கும் பங்கால் வகுக்க வேண்டும். தோலோடு 1 கிலோ பட்டாணிக் காய் உரித்தால் 350 முதல் 450 கிராம்தான் மணி கிடைக்கும். அப்படியென்றால் உரித்த பட்டாணியின் உண்மை விலை, காய் விலையைப் போல இரண்டரை மடங்கு. உறைந்த பட்டாணி அதற்குக் கீழே கிடைத்தால் அதுதான் மலிவு, உரிக்கும் நேரமும் மிச்சம். உருளைக்கிழங்கைத் தோல் சீவினால் 15 முதல் 20 சதவீதம் போகும். நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலோடு சமைத்தால் அதுவும் தங்கும். காலிஃபிளவரில் இலையும் தண்டும் போக பாதிக்குச் சற்று மேலேதான் பூ. அந்தத் தண்டின் நாரை உரித்து மெல்லியதாக நறுக்கினால் அதுவும் காய்தான்.

ஆஃபர் பற்றி ஒரே ஒரு விதி: வீணாகும் பங்கு, தள்ளுபடிப் பங்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். கிலோ 100 விலையுள்ள பொருள், 3 கிலோ எடுத்தால் 30 சதவீதம் தள்ளுபடி. 210 கொடுக்கிறீர்கள். ஒரு கிலோ அழுகிப் போகிறது. சாப்பிட்டது 2 கிலோ. கிலோவுக்கு 105 விழுந்துவிட்டது. தள்ளுபடியே இல்லாமல் 2 கிலோ வாங்கியிருந்தால் 200-இல் முடிந்திருக்கும். தூக்கிப் போட்டது மூன்றில் ஒரு பங்கு, தள்ளுபடி அதைவிடக் குறைவு, அதனால் நட்டம். சோப்பு, உப்பு, சர்க்கரைக்கு இந்தக் கவலை இல்லை. தக்காளிக்கும் பழத்துக்கும் தயிருக்கும் உண்டு.

#5 புதுக்குடித்தனம்

அந்த விதி நன்றாகப் புரிந்தது. அப்படியானால் அடுத்த கேள்வி, காய்கறியை எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வைக்கலாம்? கீரையும் கொத்தமல்லியும் மூன்றாம் நாளே குழைந்துவிடுகின்றன. வாரம் ஒரு முறைதான் கடைக்குப் போக முடியும்.

#6 ஈரத்துணி

வாரம் ஒரு முறை வாங்கினாலே போதும். வந்த அன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கீரை குழைவதற்குக் காரணம் இலை மேல் நிற்கும் தண்ணீர். வாடுவதற்குக் காரணம் இலைக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுவது. ஒன்றுக்கு ஒன்று எதிரானது என்பதால்தான் பலருக்கும் தவறுகிறது. கழுவாமல் வையுங்கள். கட்டை அவிழ்த்து, அழுகிய ஒவ்வோர் இலையையும் பொறுக்கி எடுங்கள். ஒன்று தங்கினாலும் பக்கத்திலிருப்பதைக் கெடுக்கும். காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். துணி கூடுதல் ஈரத்தை உறிஞ்சும், டப்பா உள்ளீரத்தைத் தப்ப விடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை துணியைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் மாற்றுங்கள். கழுவித்தான் வைப்பேன் என்றால், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்திய பிறகே சுற்ற வேண்டும்.

கொத்தமல்லிக்கு வேறு வழி. தண்டின் நுனியை ஒரு விரற்கடை நறுக்கி, இரண்டு விரல் உயரம் தண்ணீர் உள்ள டம்ளரில் பூங்கொத்து போல நிறுத்துங்கள். மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இலை தண்ணீரில் முங்கக் கூடாது.

அடுத்தது, யாரை யாரோடு வைக்கிறோம் என்பது. பழுக்கும் வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி மூன்றும் எத்திலீன் என்ற வாயுவை விடும். கீரை மஞ்சளாவதும், வெள்ளரி சீக்கிரம் மென்மையாவதும், கேரட் கசப்பதும் அதனால்தான். பழங்களுக்குத் தனித் தட்டு. அதே வாயுவை வேண்டும்போது பயன்படுத்தவும் செய்யலாம். காயாக வந்த பழத்தை ஒரு காகிதப் பையில் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு மூடினால் சீக்கிரம் பழுக்கும்.

உருளைக்கிழங்குக்கு வெளிச்சம் ஆகாது. பச்சையேறிய இடத்தில் நச்சுப் பொருளும் கூடியிருக்கும். சிறு திட்டென்றால் ஆழமாக வெட்டி எறியலாம், பாதிக்கு மேல் பச்சை என்றால் கிழங்கையே எறிந்துவிட வேண்டும். இருட்டான, காற்றோட்டமுள்ள, குளிர்ந்த மூலை போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். வெங்காயத்தை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டுமே சீக்கிரம் முளைவிடும்.

சாப்பிடும் வரிசையையும் வாங்கும்போதே தீர்மானியுங்கள். முதல் இரண்டு நாள் கீரை, காளான். நடுவில் பீன்ஸ், காலிஃபிளவர், கத்தரி. கடைசியில் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி, கிழங்கு. முழு முட்டைக்கோஸ் வாரக்கணக்கில் தாங்கும்; வெட்டியதும் ஆயுள் குறைந்துவிடும், அதனால் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்.

#7 புதுக்குடித்தனம்

மிக்க நன்றி ஈரத்துணி. அரிசியும் பருப்பும் மூட்டையாக வாங்குவது பற்றி? வண்டு பிடித்தால் எல்லாம் போய்விடுமே.

#8 பெரியசட்டி

அகலக்கால் வெக்காதீங்க. மூணு மாசத்துல தீர்ற அளவுதான் மொத்தமா வாங்கறதுக்கு வரம்பு.

வண்டு பெரும்பாலும் உங்க வீட்டுல வந்து ஏறறதில்ல, முட்டையா தானியத்துக்குள்ளயே வருது. அதனால டப்பா எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் உள்ள பொரிக்கும். வழி இருக்கு. 2 கிலோ 2 கிலோவா கவர்ல கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர்ல நாலு நாள் வைங்க. பெரிய மூட்டையா வெச்சா நடுவுல குளிர் ஏறாது, முட்டை பிழைச்சுக்கும். வெளிய எடுத்ததும் கவரைப் பிரிக்காதீங்க. ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிச்சுக் காஞ்ச டப்பால கொட்டுங்க. குளிரோட பிரிச்சா காத்துல இருக்கற ஈரம் தானியத்து மேல வேர்த்துப் படியும், அப்புறம் பூஞ்சை வரும். இந்தத் தப்புலதான் பல பேருக்கு மொத்தமும் போகுது.

புது மூட்டைய பழைய மிச்சத்து மேல கொட்டாதீங்க. டப்பாவக் காலி பண்ணி, துடைச்சு, காய வெச்சு, அப்புறம் கொட்டுங்க. மூடியோட ஓரத்துலயும் பாருங்க, வண்டு அங்கதான் ஒளியும்.

எல்லாத்தையும் மூட்டையா வாங்கக் கூடாது. வெள்ளை அரிசி தாங்கும். தீட்டாத அரிசியில எண்ணெய்ச்சத்து இருக்கறதால காரல் வாடை வரும், வெளிய வெச்சா ஆறு மாசம்தான் கணக்கு. முழுக் கோதுமை மாவும் அப்படித்தான், ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல வாங்காதீங்க. வேர்க்கடலை, எள் எல்லாம் ஃப்ரிட்ஜ்ல. அரைச்ச மசாலாப் பொடி கொஞ்சமா, முழு மசாலா வேணும்னா அதிகமா. பொடியாக்கினா மணம் சீக்கிரம் போயிடும், மணம் போனா அளவு கூடிடும்.

#9 புதுக்குடித்தனம்

அடுத்து புரதம். பில்லில் பெரிய பங்கு முட்டை, பால், கோழிக்குத்தான் போகிறது. எதைக் குறைப்பது?

#10 கணக்குநோட்டு

எதைக் குறைப்பது என்று ஊகிக்க வேண்டாம், விலை பார்த்துவிடலாம். ஏறக்குறைய 20 கிராம் புரதம் தருபவை:

காய்ந்த பருப்பு, பயறு, கடலை வகை: 90 கிராம்
சோயா உருண்டை: 40 கிராம்
வேர்க்கடலை: 80 கிராம்
முட்டை: மூன்று
பால்: 600 மில்லி
எலும்பில்லாத கோழி, பச்சையாக: 90 முதல் 95 கிராம்
எலும்போடு கோழி: சுமார் 140 கிராம்

ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் கடை விலையைப் போட்டு வரிசைப்படுத்துங்கள். அரை மணி நேர வேலை. எலும்பில்லாத கோழிக்குக் கேட்கும் விலை, எலும்போடு இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் எலும்போடு வாங்குவதுதான் லாபம், எலும்பு சூப்புக்கும் ஆகும்.

ஒரு குறிப்பு: தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு (இரண்டும் புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்கள்). தானியத்தையும் பருப்பையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை. இறைச்சியை அடியோடு நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. பாதிக் கொத்துக்கறிக்குப் பதிலாக வேகவைத்த பயறு சேர்த்தால் கறியின் சுவை நிற்கும், செலவு இறங்கும், பிள்ளைகளும் ஒதுக்க மாட்டார்கள்.

#11 பெரியசட்டி

பயறுன்னதும் சொல்லணும், வேகாம அடம்பிடிக்கறதால தான் பல வீட்டுல காஞ்ச பயறு டப்பாலயே கிடக்குது. வேகாததுக்கு காரணம் நாலு. ஒண்ணு, பயறு பழசு. ரெண்டு, தண்ணி கடினமானது. கால்சியம் அதிகமிருந்தா தோல் இறுகும். மூணு, தக்காளி, எலுமிச்சை மாதிரி புளிப்பை முன்னாடியே போட்டது. நாலு, ஊற வெக்காதது.

500 கிராம் பயறுக்கு 2 லிட்டர் தண்ணி, 1½ மேசைக்கரண்டி உப்பு, 8 மணி நேரம். உப்பு போட்டா வேகாதுங்கறது தப்பு. ஊற வெக்கற தண்ணியில உப்பு இருந்தா தோல் சீக்கிரம் இளகும், வெடிக்காம முழுசா வேகும். அந்தத் தண்ணிய வடிச்சு, புதுத் தண்ணியில வேக வைங்க. புளிப்பு எதுவா இருந்தாலும் வெந்த பிறகு. கடினத் தண்ணின்னா ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம், அதுக்கு மேல போட்டா சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் போகும்.

1 கிலோ காஞ்ச பயறு வெந்தா 2.2லேர்ந்து 2.5 கிலோ. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா வேகவெச்சு, ஒரு வேளைக்கு ஆகற அளவா கவர்ல போட்டுத் தட்டையா உறைய வெச்சுடுங்க. டின் வாங்கற வேலையே இல்ல.

#12 கொதிநிலை

பெரியசட்டி சொன்னது எல்லாம் சரி, ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் (நச்சுத்தன்மையுள்ள ஒரு புரதம்) அதிகம். சரியாக வேகாத சில மணிகளே கடும் வாந்தியும் பேதியும் தரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு மென்மையாகும் வரை வேகட்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடக் கூடாது, அதன் சூடு அந்த நச்சை அழிக்கும் அளவுக்கு ஏறாமல் போகலாம். பிரஷர் குக்கரில் சூடு 115 முதல் 120 டிகிரிவரை போவதால் இந்தப் பயம் இல்லை.

#13 நேரமில்லை

இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவைக் குறைக்க வழி கேட்டால் பலரும் சொல்வது போல, வாரத்துக்கு 21 வேளைக்கும் என்ன சமைப்பது என்று அட்டவணை போடுவது நடைமுறையில் நிற்காது. புதன்கிழமையே குலைந்துவிடும்.

#14 கணக்குநோட்டு

21 வேளைக்கும் போட்டால் குலையத்தான் செய்யும் நேரமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும், அதுவும் ஏழில் ஐந்துக்கு மட்டும் போடுங்கள். ஒரு நாள் மிச்சத்துக்கு. ஒரு நாள் வெறுமனே விடுங்கள். விருந்தாளி வருவார், வேலை இழுக்கும், அந்த நாள் அதை வாங்கிக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். பலர் என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுப் பொருள் வாங்குகிறார்கள். முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து, எது சீக்கிரம் கெடும் என்று மூன்று பொருளை எழுதுங்கள். அந்த மூன்றைத் தீர்க்கும் சமையலை முதல் இரண்டு நாளில் வையுங்கள். மிச்சத்துக்குத்தான் கடைப் பட்டியல்.

ஃப்ரிட்ஜின் கண்மட்டத் தட்டில் "முதலில் தீர்க்க" என்று ஒரு திறந்த டப்பா வையுங்கள். பாதி வெங்காயம், கால் கப் தயிர், நேற்றைய காய், திறந்த பாக்கெட் எல்லாம் அங்கே. சமைக்கப் போகிறவர் முதலில் அந்த டப்பாவைப் பார்க்க வேண்டும். உங்கள் நோட்டில் "மறந்தது" என்று எழுதியதில் பெரும்பகுதியை இது ஒன்றே குறைத்துவிடும்.

அளவும் சொல்லிவிடுகிறேன். சோறு வடிக்க ஆளுக்கு 60 முதல் 80 கிராம் அரிசி. நான்கு பேருக்கு 300 கிராம் போட்டால் 800 முதல் 900 கிராம் சோறு வரும். வீட்டு டம்ளரில் அரிசியை நிரப்பி ஒரே ஒரு முறை எடை பாருங்கள், 300 கிராம் வரும் இடத்தில் டம்ளரில் கோடு போட்டுவிடுங்கள். கண்ணளவில் போடும் வீட்டில்தான் தினமும் ஒரு கிண்ணம் மிஞ்சும்.

#15 நேரமில்லை

ஐந்து நாள் என்றால் முடியும், முயன்று பார்க்கலாம். மிஞ்சிய சோற்றை ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே மூடி வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடும் அல்லவா?

#16 கொதிநிலை

ஆகாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் விதையுருக்கள் இருக்கும். கொதிக்கும் சூட்டையும் தாங்கி அவை பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, நச்சை உண்டாக்கும். வாந்தியைத் தரும் அந்த நச்சு மறுசூட்டில் அழியாது. அதாவது காலையில் எவ்வளவு சூடாக்கினாலும், ராத்திரி உண்டான நச்சு அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது: மிஞ்சும் என்று தெரிந்தவுடனேயே தனியாக எடுங்கள். அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள், ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே ஒரு முறைதான் சூடாக்க வேண்டும். பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளினால் ஓரம் குளிரும், நடு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். குழம்புக்கும் இதே முறைதான். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போனால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். திருகில் போட்டிருக்கும் 1, 2, 3 எண்கள் டிகிரியைக் குறிப்பவை அல்ல. பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், சொட்டு கீழே விழுந்தாலும் எதையும் கெடுக்காத இடத்தில்.

தேதிகளையும் பிரித்துப் படியுங்கள். "இதற்குள் பயன்படுத்தவும்" என்றால் பாதுகாப்புக் கெடு, தாண்டக் கூடாது. "இதற்கு முன் சிறந்தது" என்றால் சுவையும் தரமும் பற்றியது. சரியாக வைத்திருந்த பாஸ்தாவையும் பருப்பையும் அந்தத் தேதி தாண்டியதற்காக மட்டும் எறிய வேண்டாம்.

#17 புதுக்குடித்தனம்

சோற்று விஷயம் எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தனி ஃப்ரீசர் வாங்கினால் மிச்சமாகுமா?

#18 பெரியசட்டி

ஆகும். சீசன்ல மலிவா கிடைக்கற காய வாங்கி உறைய வெச்சா ஆறு மாசத்துக்குக் கவலையில்ல.

#19 கணக்குநோட்டு

இங்கே பெரியசட்டியோடு உடன்பட முடியவில்லை. ஃப்ரீசரின் லேபிளில் ஆண்டு மின் பயன்பாடு போட்டிருக்கும். எடுத்துக்காட்டாக 220 யூனிட் என்றால் மாதம் 18 யூனிட். அதற்கான மின்கட்டணம், அதோடு வாங்கிய விலையைப் பத்தாண்டுக்குப் பிரித்த மாதப் பங்கு. இரண்டையும் கூட்டினால் வரும் தொகையைவிட மாதாமாதம் அதிகம் மிச்சப்படுத்தினால்தான் லாபம். நான்கு பேர் வீட்டில் முதலில் ஃப்ரிட்ஜோடு வந்த ஃப்ரீசரை ஒழுங்காக நிரப்புங்கள். அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இரண்டாவது வாங்கினால், மறப்பதற்கு இன்னொரு இடம் கிடைத்த மாதிரிதான். கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: உள்ளே போனது, தேதி, எடுத்ததும் அடித்துவிடுவது.

#20 ஈரத்துணி

இருக்கிற ஃப்ரீசரையே சரியாகப் பயன்படுத்த, காய்களை வெந்நீரில் காட்டிய பிறகே உறையவையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து, நிறமும் மணமும் போய் வைக்கோல் மாதிரி ஆகிவிடும்.

அரைக் கிலோ காய்க்கு 4 லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் காய் போட்டதும் கொதி அடங்கி, காய் அவிந்துவிடும். பட்டாணி 1½ நிமிடம், கேரட் துண்டு 2, பீன்ஸ் 3, காலிஃபிளவர் 3. எடுத்ததும் பனித்தண்ணீரில் அதே அளவு நேரம் போட்டு, துணியில் நன்றாக ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவையுங்கள். இறுகிய பிறகு கவரில் அள்ளிப் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். இப்படிச் செய்தால் வேண்டிய கைப்பிடியை மட்டும் எடுக்கலாம். நேராகக் கவரில் போட்டால் பாறையாகிவிடும்.

வெங்காயம், மிளகாய், துருவிய இஞ்சிக்கு வெந்நீர் வேண்டாம். தக்காளி முழுசாகவே போகலாம், உருகும்போது தோல் தானே கழன்று வரும், சமையலுக்கு மட்டும் ஆகும். வெள்ளரி, வேகவைத்த உருளைத் துண்டு, அவித்த முட்டையின் வெள்ளை இவற்றை வைக்காதீர்கள். பால் வைத்தால் புட்டியை முழுக்க நிரப்பாதீர்கள், உறையும்போது விரிந்து வெடிக்கும்.

#21 பெரியசட்டி

கணக்குநோட்டு சொன்ன மின்கட்டணக் கணக்கை நான் விட்டுட்டேன், ஒத்துக்கறேன். பெரிய குடும்பத்துக்குத்தான் தனி ஃப்ரீசர் பொருந்தும்.

அடுப்புச் செலவுக்கும் ரெண்டு வரி. தண்ணி கொதிச்ச பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்துல சூடு 100 டிகிரிக்கு மேல ஏறாது, ஆவிதான் அதிகமா போகும். அதனால கொதி வந்ததும் மூடி போட்டு, கொதி நிக்காத அளவுக்குத் தீயைக் குறைங்க. குக்கர்ல ஆவி வர ஆரம்பிச்ச பிறகும் இதேதான். ராஜ்மாவுக்குக் கொதிநிலை சொன்ன அந்த அரை மணி நேரம் மட்டும் தளதளன்னு கொதிக்கட்டும்.

#22 புதுக்குடித்தனம்

கடைசியாக ஒன்று. ரொட்டி எப்போதும் பாதி பாக்கெட் வீணாகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தும் இரண்டாம் நாளே வறண்டு போகிறதே, ஏன்?

#23 கொதிநிலை

ஃப்ரிட்ஜில் வைப்பதால்தான். ரொட்டி வறள்வதற்கு முதல் காரணம், வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவது. அது ஃப்ரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். பூஞ்சை தள்ளிப்போகும், மென்மை உடனே போகும். இரண்டு நாளுக்கு வேண்டியதை வெளியே மூடி வைத்து, மீதியை வாங்கிய அன்றே துண்டு துண்டாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த துண்டை உருக்காமல் நேராகத் தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ போடலாம். ஏற்கெனவே வறண்டதைக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் வைத்தால் கட்லெட்டுக்கு ஆகும். பூஞ்சை பிடித்ததை மட்டும் முழுசாக எறிந்துவிடுங்கள், அந்த இடத்தைக் கிள்ளிவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டாம். மென்மையான பண்டத்தில் அதன் இழை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக ஓடியிருக்கும்.

#24 புதுக்குடித்தனம்

இன்றைக்கே எடைத்தட்டும் நோட்டும் குப்பை டப்பா பக்கத்தில் வைத்தாயிற்று. இரண்டு வாரம் கழித்துக் காரணப் பத்தியை இங்கே போடுகிறேன், எது முதலிடம் என்று பார்த்து அடுத்த யோசனை சொல்லுங்கள்.